குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்தால் சேலத்தில் என்ன நடக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாப்பேட்டையை ஒட்டிய ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டறைகளுக்கும் சிறு ஆலைகளுக்கும் சம்பளக் கணக்கு எழுதி வருகிறேன். ஊதிய உயர்வு அறிவிப்பு வந்த மறுநாள் காலையில் முதலாளிகள் அழைப்பார்கள். மாலையில் தொழிலாளிகள் அழைப்பார்கள். கேள்விகள் ஒன்றேதான், எதிர்பார்க்கும் பதில்தான் வேறு. தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். எடுத்துக்காட்டுகளில் வரும் கூலித் தொகைகள் கணக்கு புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை, அரசு விகிதங்கள் அல்ல.

குறைந்தபட்ச ஊதியம் என்பது சரியாக எது? யார் நிர்ணயிக்கிறார்கள்?

எந்தக் காரணம் சொல்லியும் முதலாளி அதற்குக் கீழே இறங்க முடியாத கூலி. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இதற்கு அடித்தளம் போட்டது. அதன்படி அட்டவணையில் சேர்க்கப்பட்ட தொழில்களுக்கு மட்டும் மாநில அரசு தொழில்வாரியாக ஊதியம் நிர்ணயித்தது. அதனால் ஒரே தெருவில் தறிக்கூடத்துக்கு ஒரு விகிதம், உணவகத்துக்கு இன்னொரு விகிதம். நாடு முழுவதும் திறன் சாராத வேலைகளுக்கு மட்டும் 1,915 வகை விகிதங்கள் இருந்ததாக மத்திய அரசின் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை கணக்குச் சொன்னது. இத்தனை விகிதங்களை எந்தத் தொழிலாளி மனப்பாடம் செய்வார்?

2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத்தொகுப்பு அந்த அட்டவணையை எடுத்துவிட்டது. எல்லாத் தொழிலாளருக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. மத்திய அரசு ஓர் அடிமட்ட ஊதியத்தை நிர்ணயிக்கும். மாநிலங்கள் அதற்குக் கீழே போகக் கூடாது. இது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது.

தமிழ்நாட்டு அறிவிப்புகளில் ஊதியம் இரண்டு துண்டாக வரும். ஒன்று அடிப்படை ஊதியம். மற்றது அகவிலைப்படி, ஆலைகளில் இன்னமும் பஞ்சப்படி என்றுதான் சொல்கிறார்கள். அகவிலைப்படி சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டிருக்கிறது; ஆண்டுதோறும் ஏப்ரல் 1ஆம் தேதி மாறும். மாத ஊதியத்தை 26ஆல் வகுத்தால் நாள் கூலி. 30ஆல் வகுப்பவர்கள் தெரியாமல் வகுப்பதில்லை.

ஏப்ரலில் அகவிலைப்படி ஏறுகிறதே, அதுவே ஊதிய உயர்வுதானே?

இல்லை. அரிசி, பருப்பு, வாடகை ஏறிய அளவுக்குப் பின்னால் ஓடிப் பிடிப்பது அது. போன வருடம் வாங்கிய அதே சாமானை இந்த வருடமும் வாங்க வைக்கும், அவ்வளவுதான். ஐந்து ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் அடிப்படை ஊதியத்தைத் திருத்த வேண்டும் என்கிறது சட்டம். உண்மையான உயர்வு அங்கேதான் இருக்கிறது.

தொகையை எந்தக் கணக்கில் முடிவு செய்கிறார்கள்?

1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு கணக்கு வகுத்தது. சம்பாதிப்பவர் ஒருவர், குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகுகள், ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருளுக்கும் விளக்குக்கும் மற்றச் சில்லறைச் செலவுக்கும் 20 சதவீதம். 1991இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்காக மேலும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. தேசிய அளவில் நாளொன்றுக்கு 375 ரூபாய் அடிமட்டமாக இருக்க வேண்டும் என்று அனூப் சத்பதி தலைமையிலான நிபுணர் குழு 2019இல் பரிந்துரைத்தது. அப்போது மத்திய அரசின் அடிமட்டம் 176 ரூபாயாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் இந்த விவாதம் முழுவதும் நடக்கிறது.

கூலியை உயர்த்தினால் வேலை குறையும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதே?

இருக்கிறது. தக்காளி விலை ஏறினால் குறைவாக வாங்குவோம். ஆள் விலை ஏறினால் முதலாளி குறைவாக வைத்துக்கொள்வார். இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: தொழிலாளி ஓரிடம் பிடிக்காவிட்டால் அன்றே பக்கத்து இடத்துக்குப் போய்விட முடிய வேண்டும். சேலத்தில் அப்படிப் போக முடிகிறதா என்று பாருங்கள்.

ஒரு தறிக்காரர் மகள் கல்யாணத்துக்கு உரிமையாளரிடம் ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். அதைக் கட்டி முடிக்காமல் வேறு தறிக்கூடம் ஏற முடியாது. பக்கத்துத் தறிக்கூடத்தில் மீட்டருக்குப் பத்துப் பைசா கூட என்றாலும் அவருக்குப் பயனில்லை. ஏற்காடு மலையில் எஸ்டேட் வேலைக்காரரின் வீடே எஸ்டேட் கொடுத்த லயன் வீடு, அதாவது வரிசைக் குடியிருப்பில் ஓர் அறை. வேலையை விட்டால் அன்றைக்கே கூரையும் போகும். இப்படிக் கட்டிப் போட்ட சந்தையில் கூலி தன் இயல்பான அளவுக்கும் கீழே அழுந்திக் கிடக்கும். ஜோன் ராபின்சன் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1933இலேயே இதை விளக்கினார்: வாங்குபவர் ஒருவராகவோ ஒருவரைப் போலவோ இருக்கும் இடத்தில், சட்டம் கூலியை ஓரளவு உயர்த்தினால் வேலை குறைய வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கூடவும் செய்யலாம். கூலி போதாமல் வராமல் இருந்தவர்கள் வேலைக்கு வருவார்கள்.

ஓரளவு என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிக்காதீர்கள். அதற்கு மேலே போனால் பாடப்புத்தகம் சொன்னது நடக்கும்.

வெளிநாட்டில் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

நிறையவே. 1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலராக இருந்ததை 5.05 டாலராக்கியது. பக்கத்திலிருக்கும் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இரண்டு பக்கமும் 410 துரித உணவகங்களை உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். நியூஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. 1994இல் இது வெளியானபோது பொருளாதாரத் துறையே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நியூமார்க், வாஷர் என்ற இருவர் சம்பளப் பட்டியல்களை வைத்து மறுத்தார்கள். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இறந்துவிட்டார்.

ஜெர்மனி 2015இல் மணிக்கு 8.50 யூரோ என்று முதன்முறையாக நாடு தழுவிய குறைந்தபட்சம் கொண்டுவந்தது. ஆய்வாளர்கள் கண்டது சுவையானது: வேலைகள் பெரிதாக அழியவில்லை, ஆட்கள் சிறிய, திறன் குறைந்த நிறுவனங்களிலிருந்து பெரிய, கூடுதலாகக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு நகர்ந்தார்கள். மறுபக்கமும் சொல்ல வேண்டும். சியாட்டில் நகரம் 13 டாலருக்கு உயர்த்தியபோது, குறைந்த கூலி வேலைகளில் மணிக்கூலி 3 சதவீதம் ஏறியது, வேலை நேரம் 9 சதவீதம் குறைந்தது என்று வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2017இல் சொன்னது. ஆளை நீக்கவில்லை, நேரத்தைக் கத்தரித்தார்கள். நம் ஊரில் அதற்குப் பெயர் "நாளைக்கு வர வேண்டாம், புதன்கிழமை வாருங்கள்."

அமெரிக்க உணவகத்தில் கண்டதை எடப்பாடித் தறிக்கூடத்தில் அப்படியே ஒட்ட முடியாது. அங்கே சட்டம் சொன்ன கூலி பெரும்பாலும் கையில் வருகிறது. இங்கே அதுவே முதல் கேள்வி.

முதலாளிக்கு உண்மையிலேயே கட்டுப்படியாகாவிட்டால் என்ன செய்வது?

சட்டத்தின் பதில் கடுமையானது. முதலாளியின் சிரமத்தைக் காரணம் காட்டிக் குறைந்தபட்ச ஊதியத்தைத் தவிர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1955இல் பிஜய் காட்டன் மில்ஸ் வழக்கிலும், 1961இல் கேரள ஓட்டுத் தொழிற்சாலைகள் தொடர்பான உன்னிச்சோயி வழக்கிலும் சொல்லிவிட்டது. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது: குறைந்தபட்சத்துக்குக் கீழே கூலி கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு.

பொருளாதாரத்தின் பதில் இவ்வளவு நேரானதல்ல. அது தொழிலுக்குத் தொழில் மாறும். சேலத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

கொலுசுப் பட்டறைகளை மூட வேண்டி வருமா?

வராது. கணக்கைப் பாருங்கள். 100 கிராம் கொலுசு ஒரு ஜோடி. வெள்ளி கிராம் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உலோகம் மட்டும் 15,000 ரூபாய். கம்பி இழுத்தவர், பொடி வைத்து ஊதியவர், சலங்கை கோத்தவர், மெருகு போட்டவர் எல்லோருக்கும் சேர்த்துக் கூலி 600 ரூபாய் என்று வையுங்கள். கூலியை 20 சதவீதம் உயர்த்தினால் 120 ரூபாய் கூடும். கொலுசு விலையில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. வெள்ளி விலை ஒரே காலையில் அதைவிட அதிகமாக ஏறி இறங்குகிறது.

ஆல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் இதை வீட்டுக்குப் பூச்சு பூசுபவர்களை வைத்து விளக்கினார்: மொத்தச் செலவில் தங்கள் கூலி சிறு பங்காக இருப்பவர்கள் உயர்த்திக் கேட்டாலும் வீடு கட்டுவது நிற்காது. சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் பட்டறைகள் சும்மா கிடப்பது கூலியால் அல்ல, வெள்ளி விலை ஏறி வாங்க ஆளில்லாமல் போவதால்.

அப்படியானால் கூலி ஏன் உயரவில்லை? வேலை வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. எடைக் கணக்கில் கூலி. ஊதுகுழலைப் பிடித்திருக்கும் பெண்ணுக்கு முதலாளி யார் என்பதே மூன்று கை தள்ளிப் போய்விடுகிறது. ஆக்ராவிலும் கோலாப்பூர் அருகே ஹூப்பரியிலும் ராஜ்கோட்டிலும் போட்டி இருக்கிறது என்று வியாபாரிகள் சொல்வார்கள். உண்மைதான், அங்கே இயந்திரக் கொலுசும் வருகிறது. ஆனால் 120 ரூபாயில் அந்தப் போட்டி தோற்பதில்லை.

விசைத்தறியிலும் அப்படித்தானா?

இங்கே கதை வேறு. கூலிக்கு ஓட்டும் தறிக்கூடத்தில் பாவு நூலும் ஊடை நூலும் வியாபாரி கொடுப்பது. உரிமையாளரே மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்தான். அந்தக் கூலிக்குள் மின்சாரம், ரிப்பேர், தறிக்காரர் சம்பளம் எல்லாம் அடக்கம். சம்பளமே பெரிய செலவு. அரசு தறிக்காரரின் ஊதியத்தை உயர்த்தி, வியாபாரி மீட்டர் கூலியை உயர்த்தாமல் விட்டால், நடுவில் இருப்பவர் நசுங்குவார். இரண்டு தறியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுக் குடும்பமே ஓட்டத் தொடங்குவார். அந்தக் குடும்பத்து உழைப்புக்கு எந்த அறிவிப்பும் கிடையாது.

2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர்கள் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்திப் போராடினார்கள். கேட்டது இந்த மீட்டர் கூலி உயர்வைத்தான். சம்பள அறிவிப்பும் மீட்டர் கூலி ஒப்பந்தமும் ஒன்றையொன்று பார்க்காமல் வருவதைத்தான் நான் குறை சொல்வேன். இளம்பிள்ளைச் சேலைக்கும் ஜலகண்டாபுரம் துணிக்கும் சூரத், பிவண்டியோடு போட்டி இருக்கிறது. அறிவிப்பு தமிழ்நாட்டு எல்லையில் நின்றுவிடும். மத்திய அடிமட்ட ஊதியம் கொஞ்சம் உயரத்தில் வைக்கப்பட்டால் முதலில் மூச்சு விடுவது நம் தறிக்காரர்தான் என்பேன். சூரத்திலும் கூலி ஏறினால் நம் கூலி உயர்வு வியாபாரிக்குப் பாரமாகத் தெரியாது.

இன்னொன்று: மீட்டர் கணக்கில் கூலி வாங்குபவருக்கும் குறைந்தபட்சம் உண்டு. நாள் விகிதம் நிர்ணயித்திருந்தால், துண்டுக் கூலியில் வேலை செய்தாலும் அந்த நாள் விகிதத்துக்குக் குறையக் கூடாது. "மீட்டருக்குத்தானே கூலி, உனக்கு ஏது குறைந்தபட்சம்" என்று யாராவது சொன்னால், அது சட்டம் அல்ல.

ஜவ்வரிசி ஆலைகள்?

ஆலையில் பெரிய செலவு மரவள்ளிக் கிழங்கு. கிழங்கை அதிலுள்ள மாவுச்சத்தின் அளவை, அதாவது பாயிண்ட்டைப் பார்த்து வாங்குவார்கள். ஜவ்வரிசியைத் தின்பவர்கள் வடக்கே. ஏகாதசி, நவராத்திரி விரதக்காரர்கள். அங்கே விலையைச் சேலம் ஆலைக்காரர் நினைத்தபடி ஏற்ற முடியாது. மக்காச்சோள ஸ்டார்ச்சும் போட்டிக்கு நிற்கிறது. அதனால் ஊதிய உயர்வின் ஒரு பகுதி கீழ்நோக்கித் தள்ளப்படும், அதாவது ஆத்தூர்ப் பக்கத்துக் கிழங்கு விவசாயியின் பாயிண்ட் விலைக்குள். இன்னொரு பகுதி இயந்திரத்துக்குப் போகும். தோல் சீவும் வேலையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் பல ஆலைகளில் இன்று இல்லை. ஊதியம் உயராத ஆண்டுகளிலும் அவர்கள் குறைந்துகொண்டேதான் வந்தார்கள். ஆள் கிடைக்காததும் இயந்திர விலை இறங்கியதும் அதற்குக் காரணம். ஊதிய உயர்வு அந்த ஓட்டத்தைச் சற்று வேகப்படுத்தும். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டுகள் கூலி உயர்வைத் தாங்குமா?

நான் அதிகம் யோசித்த கேள்வி இது. சில பருவங்கள் மலையில் ஒரு சிறிய எஸ்டேட்டுக்குச் செக்ரோல், அதாவது ஆள் வருகையும் கூலியும் குறிக்கும் பதிவேடு, எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் மாலை நான்கு மணிக்கே ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வெளிச்சம் மங்கத் தொடங்கும். சில்வர் ஓக் மரத்தில் கட்டிய கொக்கித் தராசின் அடியில் பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நிற்பார்கள். முன்னால் நிற்பவர் சாக்கைக் கவிழ்த்து, சிவந்த பழத்துக்குள் கலந்த பச்சைக் காயைப் பொறுக்கி எறிவார், மேஸ்திரி பார்த்தால் அரை கிலோ கழிப்பார் என்று. விரல் நுனியெல்லாம் பழச் சாற்றுப் பிசுபிசுப்பு; அதன் மேல் மண். நான் பெயரும் எடையும் எழுதுவேன்.

அந்த எடையில்தான் பொருளாதாரம் இருக்கிறது. நாள் கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ப்பு உச்சத்தில் ஒருவர் 50 கிலோ பழம் பறித்தால் கிலோவுக்குப் பறிப்புச் செலவு 9 ரூபாய். ஏறத்தாழ ஆறு கிலோ பழம் ஒரு கிலோ காபிக் கொட்டை ஆகும். ஆகவே கொட்டைக்கு 54 ரூபாய். பருவக் கடைசியில் அதே ஆள் அங்கொன்றும் இங்கொன்றுமாக 20 கிலோ பறித்தால் பழத்துக்கு 22.50, கொட்டைக்கு 135 ரூபாய். கூலி ஏறும்போது எஸ்டேட்காரர் முதலில் நிறுத்துவது இந்தக் கடைசிச் சுற்றை. ஆட்குறைப்பு என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பிப்ரவரியில் சில வாரங்கள் வேலை இல்லை, அவ்வளவுதான்.

கடைசிச் சுற்றை விட்டால் செடியிலும் தரையிலும் தங்கிய பழத்தில் காய்த் துளைப்பான் வண்டு குடியிருந்து அடுத்த ஆண்டு காய்ப்பில் இறங்கும். இந்த ஆண்டு மிச்சப்படுத்திய கூலி அடுத்த ஆண்டு ஓட்டைக் கொட்டையாகத் திரும்பி வரும். விவரம் தெரிந்த எஸ்டேட்காரர்கள் கூலி ஏறினாலும் இந்தக் கடைசிச் சுற்றை நிறுத்துவதில்லை. கணக்கில் கையிருக்கும் அளவுக்குத் தோட்டத்தில் கண்ணில்லாதவர்கள் நிறுத்துகிறார்கள்.

எஸ்டேட்காரர் விலையை ஏற்றிக்கொள்ள முடியாது என்பது உண்மை. இங்கே விளையும் அராபிகா வகைக் காபியின் விலை நியூயார்க் சந்தையில் முடிவாகிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்த நாளிலிருந்து விலை எங்கோதான் முடிவாகி வருகிறது. 2025 தொடக்கத்தில் அராபிகா வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டது. அந்த ஆண்டுகளில் பறிப்புக் கூலி எவ்வளவு ஏறியது என்று நான் எஸ்டேட்காரர்களைக் கேட்பதுண்டு. பேச்சு மிளகு விலைக்கு மாறிவிடும்.

கேரளத்து மூணாறு நினைவிருக்கிறதா? 2015 செப்டம்பரில் தேயிலை பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், 232 ரூபாய் நாள் கூலியை 500 ஆக்கச் சொல்லி எழுந்தார்கள். கடைசியில் 301 ரூபாய் கிடைத்தது. கூடவே அந்தக் கூலிக்குப் பறிக்க வேண்டிய இலையின் அளவும் ஏறியது. கூலி உயர்வு வேலைப் பளுவாகத் திரும்பி வரும் வழி இது. சமவெளியிலும் எல்லாத் தொழிலிலும் இருக்கிறது. அறிவிப்பைப் படிக்கும்போது தொகையோடு இலக்கையும் பாருங்கள்.

ஊதியம் ஏறினால் விலைவாசியும் ஏறி எல்லாம் சமமாகிவிடுமே?

சமமாகாது. ஓர் உணவகத்தின் செலவில் சம்பளம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் 10 சதவீதம் ஏறினால், முழுவதையும் விலையில் ஏற்றினாலும் 3 சதவீதம்தான். 50 ரூபாய் தோசை 51.50 ஆகும். உணவகக்காரர் அதை 55 ஆக்கிவிட்டுச் சம்பளத்தின் மேல் பழி போட்டால், மீதி மூன்றரை ரூபாய் யாருக்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தொழிலாளி கையில் வரும் கூடுதல் பணம் ஊருக்குத் திரும்புமா?

பெரும்பகுதி திரும்பும். சனிக்கிழமை சம்பளம் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை, மளிகை, பள்ளிக் கட்டணம் என்று ஊருக்குள்ளேயே சுற்றும். முதலாளியின் லாபமாக இருந்தால் அதே பணம் வங்கி வைப்பாகவோ, நாலாவது மனையாகவோ போயிருக்கும். ஒரு குறை: முதல் சில மாதங்கள் அந்தக் கூடுதல் பணம் வாரவட்டிக்காரரிடமும் குழுக் கடனுக்கும் போகிறது. நான் சம்பளம் போட்ட ஆலை வாசலிலேயே வசூல்காரர் இரு சக்கர வாகனத்தை நிறுத்தி நின்றிருப்பார். ஊதிய உயர்வின் பலன் கறிக்கடைக்குப் போய்ச் சேர ஓர் ஆண்டு பிடிக்கிறது.

வடமாநிலத் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கு வரும்வரை இது எப்படி நடக்கும்?

அவர்களுக்கும் அதே குறைந்தபட்சம்தான். ஒடிசாவிலிருந்து வந்தவர் என்பதற்காக விகிதம் மாறாது. சட்டத்தை ஒழுங்காக அமலாக்கினால், மலிவு என்பதற்காக ஒருவரை வைத்து இன்னொருவரை நீக்கும் காரணமே போய்விடும். கோபம் வந்த இடம் புரிகிறது. போக வேண்டிய முகவரி வேறு.

நூறு நாள் வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சட்டம் கூலியை உயர்த்தாத இடங்களில் நூறு நாள் வேலைத் திட்டம் உயர்த்தியது. 2024-25இல் தமிழ்நாட்டுக்கு 319 ரூபாய், 2025-26இல் 336 ரூபாய் என்று அதன் நாள் கூலி நிர்ணயிக்கப்பட்டது. "அங்கே இவ்வளவு கிடைக்கிறது" என்று சொல்லிக் காட்டு வேலைக்கு அதற்குக் குறைந்து வர மறுக்க முடிந்தது. ஆந்திரத்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், அந்தத் திட்டம் ஒழுங்காக நடந்த பகுதிகளில் தனியார் கூலியும் ஏறியது, தனியார் வேலையும் குறையவில்லை என்று தெரிந்தது. பெண்களுக்கு இது பெரிய பிடிமானமாக இருந்தது.

பிஎப், இஎஸ்ஐ எல்லாம் கூடுமா?

கூடும். பிஎப் என்னும் வருங்கால வைப்பு நிதிக்கு இரு தரப்பும் 12 சதவீதம். இஎஸ்ஐ என்னும் மருத்துவக் காப்பீட்டுக்கு முதலாளி 3.25, தொழிலாளி 0.75 சதவீதம். கையில் வரும் உயர்வு அறிவிப்பில் பார்த்ததைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது இதனால்தான், திருட்டு அல்ல. மாதம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இஎஸ்ஐ எல்லைக்கு வெளியே போய்விடுவீர்கள் என்பதையும் கவனியுங்கள். பிஎப்பைக் குறைக்கச் சம்பளத்தை நாலைந்து படிகளாக உடைக்கும் வித்தைக்குப் புதிய சட்டத்தொகுப்பு ஒரு முட்டுக்கட்டை போட்டிருக்கிறது: படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கணக்கிடப்படும்.

கணக்கில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை கொடுக்கிறார்களே?

தெரியும். என் தொழிலில் நான் வெட்கப்படும் பகுதி இது. தொடக்க காலத்தில் ஓர் ஆலையில் என் முன்னால் இரண்டு பதிவேடுகள் வைக்கப்பட்டன. பச்சை அட்டையில் அரசு விகிதம், அதில் கையெழுத்து. நீல அட்டையில் உண்மையாகக் கொடுத்தது. அதில் எதுவும் இல்லை. எட்டு மாதம் இரண்டையும் எழுதினேன். வங்கியில் சம்பளம் போடும் காலம் வந்ததும் நீல அட்டை போய்விட்டது என்று நினைத்தேன். இப்போது சில இடங்களில் கணக்கில் முழுத் தொகை ஏறுகிறது. மறுநாள் மேற்பார்வையாளரிடம் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். ஏடிஎம் அட்டையையே வாங்கி வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

இந்தியாவில் கூலி பெறும் மூவரில் ஒருவர் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே விழுந்து கிடக்கிறார் என்று மேலே சொன்ன அதே பொருளாதார ஆய்வறிக்கை எழுதியது. ஆகவே வேலை போய்விடும் என்ற கவலையைப் பாதியளவு ஒத்தி வைக்கலாம். உயர்வு வந்து சேர்ந்த இடத்தில்தான் அதன் விளைவும் வரும். சட்டத்தை மதித்துக் கொடுக்கும் முதலாளியின் நிலைதான் எனக்கு உறுத்துகிறது. அவர் விலையில் தோற்பது பச்சை அட்டைக்கு அல்ல, பக்கத்து ஆலையின் நீல அட்டைக்கு.

சரி, எவ்வளவு உயர்த்தலாம்?

ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் ஒரு வழிகாட்டி அளவு சொன்னது: எல்லோர் சம்பளத்தையும் வரிசையாக வைத்து, நடுவில் நிற்பவருடையதில் 60 சதவீதம். நம் மாவட்டத்தில் நடுவில் நிற்பவரே சில தொழில்களில் குறைந்தபட்சத்தைத் தொடாதவர். அதனால் ஒரே தாவலில் இரட்டிப்பாக்குவதைவிட, ஆண்டுதோறும் விலைவாசிக்கு மேல் இரண்டு மூன்று சதவீதம் என்று ஐந்து ஆண்டுகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பது நல்லது என்பது என் கருத்து. வியாபாரி மீட்டர் கூலியைத் திருத்தலாம். ஆலைக்காரர் அடுத்த பருவக் கிழங்குக்குத் திட்டமிடலாம். எட்டு ஆண்டு தூங்கிவிட்டு ஒரே நாளில் எழுப்பினால் இரு தரப்பும் அடித்துக்கொள்வார்கள்.

குறைவாகக் கொடுத்தால் எங்கே போவது? ஆதாரம் இல்லையே?

தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். சங்கம் மூலமாகவும் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டியிருந்தது. புதிய சட்டத்தொகுப்பில் மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. குறைத்த தொகையோடு, அதைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம்.

ஆதாரம் என்பது முத்திரைத்தாள் அல்ல. ஒரு முறை ஒரு விசாரணையில், ஆலையில் மூட்டை தைக்கும் அம்மா ஒருவர் துணிப்பையிலிருந்து மூன்று வருடத் தினசரி நாட்காட்டித் தாள்களை எடுத்தார், கிழித்ததை எறியாமல் நூலில் கோத்து வைத்திருந்தார். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பென்சிலில் அன்றைய கூலி. வேலைக்குப் போகாத நாளில் ஒரு கோடு. சம்பளம் தள்ளிப்போன வாரத்தில் ஒரு வட்டம். எதிர்த்தரப்பு தடித்த பதிவேட்டை நீட்டியது. அதிகாரி பதிவேட்டை ஓரமாக வைத்துவிட்டு, நாட்காட்டித் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தார். ஒரு பொங்கல் நாளின் தாளில் நிறுத்தி, அன்றைக்கு ஆலை ஓடியதா என்று கேட்டார். ஓடவில்லை. அம்மாவின் தாளில் கோடு இருந்தது. பதிவேட்டில் அன்றைக்கும் அவருக்குச் சம்பளம் கொடுத்ததாகக் கையெழுத்து இருந்தது.